பாணி அடுப்பும் தேயிலை அடுப்பும்: மத்திய மலைநாட்டு வரலாற்றில் ஒரு நோக்கு

மத்திய மலைநாட்டின் வரலாறு என்றதும் கோப்பி, தேயிலை, துரை, கங்காணி, லயம் என்னும் சொற்களே நம் முன் நிற்கின்றன. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே தொடங்கி அதற்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. தோட்டங்கள் தோன்றுமுன்னரும், தோன்றிய பின்னர் அவற்றின் இடுக்குகளிலும், மலைச்சரிவுக் கிராமங்களில் வேறொரு தொழில் நடந்து வந்துள்ளது. கித்துள் மரத்தின் பாளையைச் சீவி, வடியும் இன்னீரை விறகடுப்பில் வற்றக் காய்ச்சிப் பாணியாகவும் கருப்பட்டியாகவும் ஆக்கும் தொழிலே அது. தேயிலை உற்பத்தியையும் இதனையும் அருகருகே வைத்து நோக்குவோர் மிகக் குறைவு. ஆயின், புறத்தோற்றத்தை நீக்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மரமோ செடியோ தந்த பொருளிலுள்ள நீரை, காட்டு விறகின் வெப்பத்தால் வெளியேற்றி, கெட்டுப்போகாத பண்டமாக்குவதே அவ்வேலை. ஒன்று குசினிக்குள்ளேயே நின்றுவிட, மற்றது நான்கு மாடித் தொழிற்சாலையாக வளர்ந்தது ஏன் என்பது மலைநாட்டு வரலாற்றிற் கேட்கப்படவேண்டிய வினாவாகும்.

கித்துள், தமிழகத்திற் கூந்தற்பனை எனப்படும் மரம். தாவரவியலார் அதனைக் கரியோட்டா யூரென்ஸ் என்பர். யூரென்ஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘எரிக்கின்ற’ என்று பொருள். பழத்தின் சாறு தோலிற் பட்டால் உண்டாகும் அரிப்பே இப்பெயருக்குக் காரணம். தென்னையையோ பனையையோ போலன்றி இம்மரம் ஒருமுறைதான் பூத்து ஓய்கிறது. பல ஆண்டுகள் வளர்ந்தபின் உச்சியில் முதற்பாளை தோன்றும். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழ்நோக்கிப் பாளைகள் தோன்றும். கடைசிப் பாளையோடு மரமும் பட்டுப்போகும். ஈரவலயக் காட்டோரங்களிலும் கண்டிக் கிராமத்து வீட்டுத் தோட்டங்களிலும் இது தானாக முளைக்கிறது. 1,500 மீற்றருக்கு மேற்பட்ட குளிரில் இதனைக் காண்பது அரிது. ஆகவே நுவரெலியா நகரைச் சூழ்ந்த உயர்ந்த தோட்டங்களில் அன்றி, அவற்றுக்குக் கீழே கினிகத்தேனை, கொத்மலை, வலப்பனை, ஹங்குரங்கெத்த முதலிய பகுதிகளிலேயே கித்துள் தொழில் வேரூன்றியது. ஹற்றனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் பாதையிலுள்ள கித்துல்கல என்னும் ஊர் இம்மரத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. குவாய் நதிப் பாலம் பற்றிய 1957ஆம் ஆண்டுத் திரைப்படம் எடுக்கப்பட்ட இடமென்றே அவ்வூரை இன்று பலர் அறிவர். பெயரின் பொருளை நினைப்பவர் சிலரே.

இத்தொழில் பற்றிய விரிவான பழைய குறிப்புகளுள் ஒன்று றொபேட் நொக்ஸ் எழுதியது. 1660இல் கொட்டியாரப் பகுதியிற் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச்செல்லும் வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த அவர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் கித்துள் மரத்துக்குத் தனி இடம் கொடுத்துள்ளார். ஒரு சாதாரண மரம் நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் இன்னீர் தரும் என்றும், நாளுக்கு இருமுறையும் நல்ல மரங்களில் மும்முறையும் அதனை இறக்குவர் என்றும், அதனைக் காய்ச்சிக் கபிலநிறச் சீனி செய்வர் என்றும், திறமையாகச் செய்தால் அதனை வெண்மையாகவும் ஆக்கலாம் என்றும் அவர் கூறுகிறார். இன்னீருக்கு அவர் எழுதிய பெயர், சிங்களத்தில் இன்றும் வழங்கும் ‘தெலிஜ்ஜ’ என்னும் சொல்லே. கருப்பட்டி செய்வோரை அவர் தனிச் சாதியாகவும் எண்ணுகிறார். சிங்களச் சமூக அமைப்பில் வகும்புர அல்லது ஹக்குரு எனப்பட்ட பிரிவினருக்குக் கருப்பட்டி செய்தலே குலத்தொழிலாகச் சொல்லப்பட்டது; அரசனுக்கும் விகாரைக்கும் பிரபுக்களுக்கும் ஆற்றவேண்டிய இராசகாரியக் கடமைகளுள் அதுவும் ஒன்று. கண்டி அரண்மனையின் இனிப்பு, மலைச்சரிவில் ஏறியவன் உயிரைப் பணயம் வைத்து இறக்கியதேயாகும். நெடிய வழுவழுப்பான அடிமரத்தில் கம்பு கட்டி ஏறும் இத்தொழிலில் விழுந்து இறந்தோரும் ஊனமுற்றோரும் எல்லாக் கித்துள் கிராமங்களிலும் உண்டு.

பாளையைப் பதப்படுத்துவதே இத்தொழிலின் மறைபொருள். உப்பு, மிளகு, சுண்ணாம்பு, சாம்பல் முதலியவற்றின் கலவையொன்றைப் பாளையின் அடியிற் கீறி வைத்துக் கட்டுவர். கலவையின் அளவும் சேர்மானமும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். தந்தை மகனுக்கன்றிப் பிறருக்குச் சொல்வதில்லை. சில நாள்கள் கழித்துப் பாளையின் நுனியைச் சீவ, நீர் வடியத் தொடங்கும். யாழ்ப்பாணத்திற் பனங்கருப்பநீருக்கு முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதுபோல, இங்கே ஹல் மரத்தின் பட்டையை முட்டிக்குள் இடுவர். அது புளிப்பைத் தடுக்கும். தடுத்தாலும் நெடுநேரம் தாங்காது. காலையில் இறக்கியதைக் காலையிலும், மாலையில் இறக்கியதை மாலையிலும் அடுப்பேற்றியாக வேண்டும். சில மணிநேரம் தவறினால் அது பாணியாகாது, கள்ளாகிவிடும்.

மரமேறுதல் ஆணின் வேலை எனில், காய்ச்சுதல் பெரும்பாலும் பெண்ணின் வேலை. இன்னீரை வடிகட்டி அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஊற்றி எரிக்கும்போது முதலில் அழுக்கு நுரையாக மேலெழும். அதனை அகப்பையால் அள்ளி எறிவர். பின்னர் நீர் தெளிந்து கொதிக்கும். மணிக்கணக்கில் நிறம் மாறி மாறிப் பொன்னிறமாகி, கபிலநிறமாகும். கடைசிக் கட்டமே கடினமானது. நீர் நிறைய உள்ளபோது எவ்வளவு எரித்தாலும் கெடுதி இல்லை; நீர் வற்றியபின் நெருப்புச் சற்று மிஞ்சினாலும் பாணி கருகிக் கசக்கும். ஆகவே விறகை இழுத்துத் தணலில் விட்டு, இடைவிடாது துழாவுவர். அகப்பையிலிருந்து விழும் துளி நூலாக நீளும்போது பாணி பதமாயிற்று. இன்னும் வற்றவிட்டு, குளிர்ந்த நீரில் விட்ட துளி உருண்டு நின்றால் கருப்பட்டிப் பதம். அதனைச் சிரட்டைகளில் வார்த்து ஆறவிடுவர். இங்கே வெப்பமானி ஒன்றும் இல்லை. இருந்தாலும் அதனைக் கண்மூடி நம்ப முடியாது. ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலை குறைவதால், கொழும்பில் 100 பாகையிற் கொதிக்கும் நீர் ஹற்றனில் 96 பாகையிலும் நுவரெலியாவில் 94 பாகையிலும் கொதிக்கிறது. கடலோரத்துக்கென எழுதிய கணக்கை மலையிற் பின்பற்றினால் பாணி கருகும். பெண்ணின் கண்ணும் அகப்பையும் எந்த உயரத்திலும் தவறுவதில்லை.

அடுப்பின் அமைப்புக்கு வருவோம். மிகப் பழையது மூன்று கல் அடுப்பு. அதில் நெருப்பின் பெரும்பகுதி நாற்புறமும் சிதறுகிறது. புற்றுமண்ணோடு உமியும் சாணமும் குழைத்துச் சுவரெழுப்பி, முன்னே ஒரு வாயும் பின்னே புகைபோகும் வழியும் வைத்த அடுப்பு அதன் அடுத்த நிலை. இரண்டு பாத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் அடுப்பிலோ, முன்பாத்திரத்தைத் தாண்டிச் செல்லும் சூடான புகை பின்பாத்திரத்திலுள்ள புதிய இன்னீரைச் சூடாக்குகிறது. முன்னதில் நீர் வற்ற வற்றப் பின்னதிலிருந்து சூடான நீரை முகந்து ஊற்றினாற் கொதி தணிவதில்லை. பாத்திரம் ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருத்தல் வேண்டும். ஆவி போவது மேற்பரப்பின் வழியேயன்றி ஆழத்தின் வழியே அன்று.

இதன் பொருளாதாரம் எளிய கணக்கொன்றால் விளங்கும். ஒரு லீற்றர் பாணிக்கு ஏறத்தாழ ஏழு லீற்றர் இன்னீர் தேவை எனக் கொண்டால், வெளியேற்றவேண்டிய நீர் ஏறத்தாழ 6 கிலோ. கொதிக்கும் நீர் ஒரு கிலோவை ஆவியாக்க 2,257 கிலோயூல் மறைவெப்பம் வேண்டும். உலர்ந்த விறகு ஒரு கிலோ 15,000 கிலோயூல் அளவில் வெப்பம் தரும். ஆகவே வீணாகாத நெருப்பாயின் ஒரு கிலோ விறகே போதும்! ஆனால் திறந்த அடுப்பில் பத்திலொரு பங்கு வெப்பமே பாத்திரத்தைச் சேர்கிறது எனக் கொண்டால் பத்துக் கிலோ விறகு எரியும். சுவரெழுப்பிய அடுப்பில் அது ஐந்திலொன்றாக உயர்ந்தால் ஐந்து கிலோ போதும். ஒரு கூடை மண்ணும் ஒரு நாள் உழைப்பும் நாள்தோறும் ஒரு பெண்ணின் தலைச்சுமையைப் பாதியாக்குகின்றன. தொழினுட்ப வரலாறு என்பது பெரிய இயந்திரங்களின் வரலாறு மட்டுமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உலகின் மறுகோடியில், வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசத்தில், மேப்பிள் மரத்தின் நீரைக் காய்ச்சிப் பாணி எடுக்கிறார்கள். ஐரோப்பியர் செல்லுமுன்னரே அங்குள்ள ஆதிக்குடிகள் இதனை அறிந்திருந்தனர். மேப்பிள் நீரில் நூற்றுக்கு இரண்டு பங்களவே சீனி. ஒரு லீற்றர் பாணிக்கு ஏறத்தாழ 40 லீற்றர் நீரைக் காய்ச்சவேண்டும். அதுவும் பனிக்காலம் முடியும் சில வாரங்களில் மட்டுமே நீர் வடியும். வடியும்போது வெள்ளமாக வருவதால், அங்கே நீண்ட செங்கல் அடுப்பின்மேல் தட்டையான தகரத் தொட்டிகளை வரிசையாக வைத்து விறகெரிக்கும் முறை வளர்ந்தது. இன்றும் பலர் அத்தகைய அடுப்புகளைத் தம் கையாலேயே கட்டிக்கொள்கின்றனர். கித்துளின் போக்கு வேறு. அது மாதக்கணக்கில் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தருகிறது. மரங்களும் ஊரெங்கும் சிதறி நிற்கின்றன. ஆகவே பெரிய அடுப்புக்கு வேலையில்லை. கித்துள் அடுப்பு குசினியின் அளவுக்குமேல் வளராமைக்கு அறியாமை காரணம் என்று கருதுவது பெருந்தவறு. மரத்தின் இயல்புக்கேற்ற அடுப்பே அங்கு அமைந்தது.

கரும்புச்சீனியோ முற்றிலும் வேறொரு பாதையிற் சென்றது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் திறந்த கொப்பரை வரிசையில் கொதிக்கும் சாற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு முகந்து ஊற்றினர். 1813இல் எட்வேட் ஹவாட் வெற்றிடக் கொப்பரையை அமைத்தார். 1840களில் நோர்பெட் ரில்லியூ, ஒரு கலத்தின் ஆவியைக்கொண்டே அடுத்த கலத்தைக் கொதிக்கச் செய்யும் முறையைக் கண்டார். அவர் நியூ ஓலியன்சிற் கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. இவ்வாறு மலிந்த சீனி கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. கண்டிக் கிராமத்துக் கருப்பட்டியின் சந்தையை முதலில் அரித்தது மலையின் மாற்றமன்று, கடல் கடந்து வந்த இவ்வெண்சீனியே எனலாம்.

மலையின் மாற்றமும் விரைவிலேயே தொடங்கியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம், காடு, தரிசு, குடியற்ற, பயிரிடாத நிலம் யாவும் மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியனவே என அனுமானித்தது. உறுதியோ சன்னசோ காட்ட இயலாத கிராமத்தவரின் சேனை நிலமும் கிராமக்காடும் அவ்வழியே கைமாறிக் கோப்பித் தோட்டங்களாயின. 1897இன் தரிசு நிலக் கட்டளைச்சட்டம் இதனை மேலும் இறுக்கியது. நெல்வயலை இழந்ததைவிடக் காட்டை இழந்ததே கித்துள் குடும்பத்துக்குப் பெரிய அடி. தானாக முளைக்கும் மரம் நின்றதும் அங்கே, அதனைக் காய்ச்சும் விறகு கிடந்ததும் அங்கே. நெல்லுக்கு உரிமைப் பத்திரம் இருந்திருக்கலாம். காட்டு மரத்தின் பாளைக்குப் பத்திரம் எழுதி வைத்தவர் யார்?

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியபோது, தேயிலைக்கான அடுப்பு ஏற்கனவே மூட்டப்பட்டிருந்தது. 1852இல் இலங்கைக்கு வந்த ஸ்கொத்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெயிலர், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவருடைய முதற் ‘தொழிற்சாலை’ அவர் குடியிருந்த பங்களாவின் விறாந்தையே. கொழுந்தை மேசைமேல் வைத்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையான கையாற் சுருட்டினர். பின்னர் கரிநெருப்பின்மேற் கட்டிய களிமண் அடுப்புகளில், கம்பித் தட்டுகளிற் பரப்பி உலர்த்தினர். புகழ்பெற்ற இலங்கைத் தேயிலை பிறந்தது மண்ணடுப்பிலேதான். கொத்மலைப் பெண்ணின் பாணி அடுப்புக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அதிகமன்று. 1872இற் சுருட்டும் இயந்திரமொன்றையும் அவர் அமைத்தார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. அந்த மேசைகளிற் கைகளால் தேயிலை சுருட்டிய தொழிலாளரின் பெயர்களை வரலாறு குறித்துவைக்கவில்லை. டெயிலரின் பெயர் மட்டும் நிலைத்தது. அவரும் 1892இல் இறந்தார்.

களிமண் அடுப்பின் காலம் குறுகியது. அசாமின் கச்சார் பகுதியில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த சாமுவேல் டேவிட்சன், சூடேற்றிய காற்றைக் கொழுந்தினூடே செலுத்தும் உலர்த்தியை அமைத்து, 1881இல் பெல்பாஸ்டில் சிறொக்கோ என்னும் தொழிலகத்தை நிறுவினார். அதன் இயந்திரங்கள் மலைநாட்டுக்கும் வந்தன. தொழிலாளர் ‘ஸ்டோர்’ என அழைக்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றின் அடியில் எரிந்ததோ அதே விறகு. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. இதற்கு ஒன்றுமுதல் இரண்டு கிலோ வரை விறகு செலவாகும். இயற்கைக் காடு தீர்ந்தபின் தோட்டங்கள் யூக்கலிப்டஸ் மரங்களை நட்டு வளர்த்தன. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது, எண்ணெய்க்கு மாறியிருந்த உலர்த்திகள் மீண்டும் விறகுக்குத் திரும்பின.

இங்கேயே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கிறது. கொழுந்தும் இன்னீரும் ஒரு நாளைக்குமேற் காத்திருக்க மாட்டா. இரண்டையும் விரைந்து நெருப்பேற்றியாக வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கரை ஓர் உரிமையின்கீழ்க் கொண்டுவந்து, ஆயிரம் கைகள் பறிப்பதை ஒரே கூரையின்கீழ்க் குவித்தபோதுதான் தேயிலை அடுப்பு தொழிற்சாலையானது. கித்துளைக் குவிக்க எவரும் முயலவில்லை. குவிக்கத்தக்க நிலமும் கிராமத்தவரிடம் எஞ்சவில்லை. அடுப்பின் அளவைத் தீர்மானித்தது பொறியியல் அன்று, நிலவுரிமையே.

தோட்டத்துக்குள் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி ஆகிய பகுதிகளிலிருந்து வந்த அவர்களுட் பலர் பனையையும் பதநீரையும் கருப்பட்டியையும் அறிந்தவர்கள். அக்கலையோடு வந்தவர்களுக்கு இங்கே ஒரு மரமும் சொந்தமில்லை. குளிர்மலையிற் பனை வளராது. கீழே நின்ற கித்துள் கிராமத்தவருடையது. தோட்டத்து மரம் துரையுடையது. எரிக்கக் கிடைத்தது கவ்வாத்துவெட்டில் விழும் தேயிலை மிலாறு. கருப்பட்டித் துண்டொன்றைக் கடித்தபடி வெறுந்தேநீர் குடிக்கும் வழக்கம் லயங்களில் நிலைபெற்றது. அக்கோப்பையிலே மலைநாட்டின் இரு அடுப்புகளும் சந்தித்தன. ஆனால் இரண்டில் எதுவும் குடித்தவனுக்கு உரியதாக இருக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தமிழரின் நாட்டுரிமையையும் பறித்தபோது, நிலம் பற்றிய பேச்சுக்கே இடமில்லாது போயிற்று.

அரசின் கண் கித்துளின்மேல் விழுந்தது பாணிக்காக அன்று, கள்ளுக்காக. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம் கள்ளிறக்குதலை அனுமதிப் பத்திர முறைக்குள் அடக்கியது. ஒரே பாளையிலிருந்து ஒரே முட்டியில் விழும் நீர் காலையிற் பாணிக்குரியது, மாலையிற் குற்றத்துக்குரியது என்னும் விசித்திர நிலை இதனால் எழுந்தது. சீவுவோன் எப்பொழுதும் சந்தேகத்துக்குரியவனானான். மது ஒழிப்பு இயக்கத்தார் கள்ளுத்தவறணைகளை எதிர்த்துப் பேசியது நியாயமே. ஆயினும் கருப்பட்டிக் குடும்பங்களின் வாழ்வு அவ்விவாதத்திற் போதிய இடம் பெறவில்லை.

பிற்கால நிகழ்ச்சிகளை விரைந்து சுட்டலாம். 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சீனி பங்கீட்டுப் பொருளாயிற்று. பாணிக்கும் கருப்பட்டிக்கும் மீண்டும் மதிப்பு வந்தது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களில் எதுவும் கித்துள் காட்டைத் திருப்பித் தரவில்லை. 1985இல் நிறைவுற்ற கொத்மலை நீர்த்தேக்கம் பழைய வயல்களையும் வீட்டுத் தோட்டங்களையும் மூழ்கடித்தது. அங்கிருந்து மகாவலி உலர் வலயக் குடியேற்றங்களுக்குச் சென்ற குடும்பங்கள் நிலம் பெற்றன. ஆனால் கித்துள் செழிக்காத மண்ணில், பாளைக் கலவையின் இரகசியம் அறிந்த முதியவர் என்ன செய்வார்? ஓர் அறிவு, நிலத்தை விட்டுப் பெயரும்போது எடுத்துச்செல்ல முடியாத பொருள்களுள் ஒன்றாகிவிடுகிறது.

இன்று பாணிக்குச் சந்தை உண்டு. தயிரும் பாணியும் உல்லாசப் பயணிகளின் விருப்ப உணவு. குறைந்தது மரமேற முன்வரும் இளைஞர் தொகையே. அக்குறையை வெண்சீனிப் பாகு நிரப்புகிறது. சீனியைக் கரைத்துக் காய்ச்சி, சிறிதளவு கித்துள் நீர் சேர்த்து, ‘கித்துள் பாணி’ என்ற பெயரில் விற்கும் வழக்கம் பரவியுள்ளது. அசற் பாணி ஒரு போத்தலுக்குப் பின்னால் ஏழு போத்தல் இன்னீரும் பலகிலோ விறகும் ஒரு பெண்ணின் அரைநாளும் உள்ளன என்பதை வாங்குவோர் அறியாதவரை, மலிந்த போலியே வெல்லும். 1980களில் பரவத்தொடங்கிய ‘அனகி’ என்னும் இருவாய் மண்ணடுப்பு வீட்டுச் சமையலில் விறகைச் சிக்கனப்படுத்தியது. பாணி காய்ச்சும் அகன்ற தாச்சிக்கு அது சிறிது. எனினும் அதன் தத்துவம், முன்னே கண்ட இரட்டை அடுப்பின் தத்துவமே.

2022இல் சமையல் எரிவாயு கிடையாது போனபோது நகரத்தாரும் விறகடுப்புக்குத் திரும்பினர். தோட்டத்து லயங்களில் அது புதுமையாக இருக்கவில்லை. அங்கே மிலாறு எரிவது நின்றதே இல்லை. அண்மைக் காலத்தில் தோட்டக் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஏழு பேர்ச் காணியோடு தனிவீடுகள் கிடைத்துள்ளன. வீடு நின்றதுபோக எஞ்சும் நிலத்தில் ஒரு கித்துள் கன்றை நட இடமுண்டு. அது முதற்பாளை விடப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும்.